பசார் செனியில் துணியைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: நான் கிள்ளானில் வசிக்கிறேன். கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார், கணவர் பிள்ளைகளோடு டிசம்பர் கடைசியில் வருகிறார். ஊருக்கு எடுத்துப்போக நம் நாட்டுக் கைவேலைப் பொருள்கள் வேண்டுமாம். கோலாலம்பூரில் உள்ள பசார் செனி கைவினைச் சந்தைக்குக் கூட்டிப்போகலாம் என்றால், "அங்கே இருப்பதெல்லாம் மிஷின் சாமான், வெளிநாட்டுச் சரக்கு, ஏமாந்துபோவாய்" என்கிறார் என் கணவர். 500 வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கியிருக்கிறேன். அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்? முழங்கால் வலி உள்ள என் மாமியாரும் கூட வருவார்.

பதில்: தாராளமாகக் கூட்டிப் போங்கள், சகோதரி. உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. பசார் செனியில் கைவேலையும் உண்டு, ஆலைச் சரக்கும் உண்டு. சில கடைகளில் இரண்டும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதனால் எந்தக் கடை நல்ல கடை என்று தேடி அலைவதைவிட, பொருளைக் கையில் எடுத்து அது எப்படிச் செய்யப்பட்டது என்று பார்க்கப் பழகிக்கொள்வதுதான் பயன்படும். அது தெரிந்துவிட்டால் விலை நியாயமா இல்லையா என்பதும் தானாகவே பிடிபடும்.

முதலில், எவற்றைத் தாண்டிப் போகலாம் என்று சொல்லிவிடுகிறேன். காஷ்மீர்ச் சால்வை, பித்தளை விளக்கு, சந்தன நிறத்து மரயானை, கண்ணாடி பதித்த மெத்தை உறை எல்லாம் அங்கே அழகாக அடுக்கப்பட்டிருக்கும். கோவையிலிருந்து வருகிறவர்களுக்கு இவை எதற்கு? அவர்கள் ஊரிலேயே பல வகையில் கிடைக்கும். இரட்டைக் கோபுரச் சாவிக்கொத்து, காந்த வில்லை போன்றவற்றைப் பள்ளித் தோழர்களுக்குக் கொடுக்கப் பிள்ளைகள் கேட்டால் வாங்கிக்கொடுங்கள், தப்பில்லை. ஆனால் அவை கைவேலைக் கணக்கில் சேராது.

நாத்தனாருக்கு என்று ஒன்று வாங்குவதானால், மெழுகு வைத்துச் சாயம் தீட்டும் பாத்தேக் துணிதான் என் முதல் யோசனை. அதில்தான் ஏமாறும் வாய்ப்பும் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் நாட்டுச் சந்தையில் பாத்தேக் என்ற பெயரில் மூன்று வகைத் துணி விற்கிறது. முதல் வகை கையால் வரைந்தது. வெள்ளைத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, சாந்திங் என்னும் செம்பு மூக்கு வைத்த கருவியில் உருக்கிய மெழுகை ஊற்றி, பூவையும் இலையையும் கோடாக வரைவார்கள். மெழுகுக் கோடு காய்ந்ததும் அதற்குள் தூரிகையால் சாயம் தீட்டுவார்கள். மெழுகு வரப்பாக நிற்பதால் ஒரு நிறம் பக்கத்து நிறத்தோடு கலக்காது. பிறகு சாயம் நிலைக்க சோடியம் சிலிகேட் பூசி ஊறவைத்து, அலசி, கொதிநீரில் போட்டு மெழுகை உருக்கி எடுத்துவிடுவார்கள். மெழுகு இருந்த இடம் வெள்ளைக் கோடாகத் தெரியும். இரண்டாவது வகையில், உலோகத் தகடுகளை வளைத்துச் செய்த அச்சுக்கட்டையை மெழுகில் தோய்த்துத் துணியில் ஒற்றுவார்கள். அதற்கு பிளோக் என்று பெயர். இதுவும் கைவேலைதான், இதுவும் மெழுகுதான். மூன்றாவது வகையில் மெழுகே கிடையாது. சட்டம் வைத்தோ இயந்திரத்திலோ பாத்தேக் போலத் தோன்றும் படத்தைத் துணியின் ஒரு பக்கத்தில் அச்சடித்திருப்பார்கள்.

எனவே துணியைப் பிரித்துத் திருப்பிப் பாருங்கள். மெழுகு வேலையில் சாயம் நூலுக்குள் இறங்கியிருக்கும். பின்பக்கம் முன்பக்கத்தைப் போலவே, அல்லது ஒரு மாற்றுக் குறைவாகத் தெரியும். அச்சில் பின்பக்கம் வெளுத்திருக்கும். ஆனால் இந்த ஒரு சோதனையோடு நின்றுவிடாதீர்கள். மெல்லிய ரேயான் துணியில் அச்சு மையும் ஊறிப் பின்பக்கம் வந்துவிடும். அடுத்து வெள்ளைக் கோடுகளைப் பாருங்கள். கை வரைந்த கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போகும். எங்காவது மெழுகு விட்டுப்போன சந்தில் சிவப்பு சற்றே மஞ்சளுக்குள் கசிந்திருக்கும். அது குறையல்ல, கை பட்டதற்குச் சாட்சி. அடுத்து ஒரே மாதிரியான இரண்டு பூக்களைத் தேடி ஒப்பிடுங்கள். மெழுகு நொறுங்கிய இடத்தில் சாயம் புகுந்து மயிரிழை வெடிப்புகள் விழுந்திருக்கும், அச்சுத்துணியில் அந்த வெடிப்பையும் வரைந்துவிடுகிறார்கள். ஆனால் இரண்டு பூவிலும் வெடிப்பு இம்மி பிசகாமல் ஒரே இடத்தில் இருந்தால் அது அச்சு. பிளோக் துணியில் ஒரு ஒற்றலும் அடுத்த ஒற்றலும் சேரும் இடத்தில் கோடு லேசாக ஏறியோ விலகியோ இருக்கும். அந்தச் சேர்க்கையைக் கண்டுபிடித்தால் அது கட்டையால் ஒற்றியது என்று நம்பலாம்.

பிறகு கடைக்காரரிடம் கேளுங்கள். "இனி சாந்திங் அத்தாவ் பிளோக்? புவாட் டி மானா?" (இது சாந்திங்கா பிளோக்கா? எங்கே செய்தது?) என்ற இரண்டு மலாய்க் கேள்வி போதும். சரக்கைத் தெரிந்து வாங்கி விற்பவர் கிளந்தானா திரெங்கானுவா, எந்தப் பட்டறை, என்ன துணி, என்ன வகை என்று உடனே சொல்வார், கேட்காததையும் சேர்த்துச் சொல்வார். "ஹேண்ட்மேட், ஹேண்ட்மேட்" என்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். இந்தோனேசிய பாத்தேக்கும் அங்கே நிறைய விற்கும். அது மட்டமான சரக்கு அல்ல. 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற மரபு அது. நம் நாட்டுப் பொருள்தான் வேண்டும் என்கிற நிலையில் எந்த ஊரில் செய்தது என்பதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். அச்சுத்துணியும் அச்சு விலைக்கு விற்றால் குற்றமில்லை. வீட்டில் உடுத்த, பிள்ளைகளுக்குச் சட்டை தைக்க அது போதும். அச்சை மெழுகு விலைக்கு விற்பதைத்தான் நாம் தவிர்க்க வேண்டும்.

அளவையும் கவனியுங்கள். பாஜு குரோங் என்னும் மலாய்ப் பெண்கள் உடை தைப்பதற்காக 4 மீட்டர் துண்டாக விற்பதுதான் வழக்கம். சுடிதாருக்கு அது தாராளம், சேலைக்குப் போதாது. நாத்தனாருக்குச் சேலைதான் வேண்டுமென்றால் பாத்தேக் சேலை என்று தனியாகக் கேளுங்கள். கிடைக்கும், ஆனால் கையால் வரைந்த பட்டுச் சேலை உங்கள் 500 வெள்ளிக்குள் அடங்காமல் போகலாம். பருத்தி அல்லது விஸ்கோஸில் பிளோக் துணி, கொஞ்சம் கூட்டிக்கொடுத்தால் கையால் வரைந்த துணி, இவை உங்கள் தொகைக்குள் வரக்கூடியவை. ஐந்து பேருக்கு ஐந்து அச்சுப் பொருள் வாங்குவதைவிட, பாதிப் பணத்துக்கு மேல் நாத்தனாரின் ஒரே துணிக்குச் செலவழித்துவிட்டு, மீதியில் மற்றவர்களுக்குச் சிறியதாகப் பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து. அந்தத் துணியை அவர் பத்து வருடம் கழித்தும் உடுத்துவார். முதல் சில முறை தனியாக, குளிர்ந்த நீரில், மென்மையான சோப்பில் அலசி நிழலில் காயப்போடச் சொல்லுங்கள்.

சொங்கேட் என்னும் சரிகைத் துணியைப் பற்றியும் கேட்பார்கள். காஞ்சிபுரப் பட்டின் சரிகையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உடனே பிடித்துவிடும். தறியில் நெய்யும்போதே பொன்னிழையைக் கோத்துக் கோத்து எடுக்கும் வேலை அது. முழுத்துணி விலை அதிகம், உங்கள் தொகையில் யோசிக்க வேண்டாம். சொங்கேட் துண்டு வைத்துத் தைத்த கைப்பை, பணப்பை இருந்தால் பாருங்கள். அதிலும் பூ நெய்யப்பட்டதா, மேலே அச்சடித்த தங்க மையா என்று நகத்தால் தடவினாலே தெரியும்.

மர வேலை வாங்க விரும்பினால் மா மெரி மக்களின் செதுக்கல்களைத் தேடுங்கள். இவர்கள் உங்கள் கிள்ளானுக்குப் பக்கத்துக் கேரித் தீவில் வாழும் ஒராங் அஸ்லி (பூர்வகுடி) மக்கள். நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் உழைத்த அதே தீவு. சதுப்பு நிலத்தில் வளரும் ஞிரே பத்து என்னும் சிவந்த நிற மரத்தில், மோயாங் எனப்படும் தங்கள் மூதாதை ஆவிகளை முகமூடியாகவும் உருவமாகவும் செதுக்குகிறார்கள். ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு பெயரும் ஒரு கதையும் உண்டு. இந்தப் பெயரைக் கேட்பதுதான் இங்கே சோதனை. "இது எந்த மோயாங்?" என்று கேட்டால் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள். மரம் கனமாக, செங்காவி நிறத்தில், உளித்தடத்தோடு இருக்கும். வழவழவென்று ஒரே அச்சில் வார்த்ததுபோல வரிசையாக நிற்கும் முகமூடிகள் வேறு எங்கிருந்தோ வந்தவை. அவர்களுடைய பெண்கள் ஓலையில் பின்னும் சிறு பைகளும் கிடைத்தால் வாங்குங்கள். விலையும் கனமும் குறைவு, பெட்டியில் இடம் அடைக்காது. மெங்குவாங் என்னும் தாழை ஓலையில் பின்னிய பாயிலும் பெட்டியிலும் இதே முறைதான், விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். ஓலை முனையை உள்ளே மடித்துச் சொருகி முடித்திருந்தால் பொறுமையான கை செய்தது. பசை வைத்தோ தையல்மிஷின் ஓட்டியோ முடித்தது அவசரச் சரக்கு.

வெள்ளீயப் பொருளில் சொல்ல அதிகம் இல்லை. நல்ல பியூட்டர் பெரும்பாலும் ஈயமில்லாத வெள்ளீயம், அதோடு சிறிது செம்பும் ஆன்டிமனியும் சேர்ந்தது. அடியில் தயாரிப்பாளர் முத்திரை இருக்கும். 1885-இல் தொடங்கிய ராயல் சிலாங்கூர் எல்லாருக்கும் தெரிந்த பெயர். வாங்கினால், அடுப்பில் வைக்கக்கூடாது என்று நாத்தனாரிடம் சொல்லிவிடுங்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும்.

பேரம் பற்றிக் கேட்டீர்கள். விலைச்சீட்டு ஒட்டிய, கண்ணாடிக் கதவு போட்ட கடைகளில் பெரும்பாலும் குறைக்க மாட்டார்கள். வெளியே கஸ்தூரி வாக் நடைபாதைக் கடைகளில் கேட்கலாம். "போலே கூராங் சிகிட்?" (கொஞ்சம் குறைக்கலாமா?) என்று சிரித்த முகத்தோடு ஒருமுறை கேளுங்கள். ஒரே கடையில் இரண்டு மூன்று பொருள் எடுத்தால் பத்து சதவீதம் போலக் குறையும், அதுவே நியாயம். ஆனால் செய்தவரே உட்கார்ந்து விற்கும் இடத்தில், ஓவியரிடமோ ஓலை பின்னுபவரிடமோ, தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். அவர் சொல்லும் விலையில் பல நாள் உழைப்பு இருக்கிறது. நமக்கு முடிந்தால் வாங்குவோம், முடியாவிட்டால் பாராட்டிவிட்டு வருவோம். நடைபாதைக் கடைகளுக்குச் சில்லறை நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மாமியார் விஷயம். இந்தக் கட்டடம் 1888-இல் மீனும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தையாகத் தொடங்கியது. இன்று நாம் பார்க்கும் வடிவம் 1937-இல் வந்தது. 1980-களில் இதை இடித்துவிடப் பார்த்தார்கள். மரபுக் காவலர்கள் எதிர்த்து நின்றதால் தப்பி, கைவினைச் சந்தையாக மாறியது. சந்தையாகக் கட்டியதால் கடைகளில் பெரும்பகுதி கீழ்த்தளத்திலேயே ஒரே மட்டத்தில் இருக்கிறது, குளிர்சாதனமும் உண்டு. அவரால் மெதுவாகச் சுற்றிவர முடியும். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் நிலையம் வந்தால், அங்கிருந்து எல்.ஆர்.டி.யில் அடுத்த நிறுத்தமே பசார் செனி. ரயில் மாறி ஏறுவதும் படிகளும் அவருக்குச் சிரமம் என்றால் கே.எல். சென்ட்ரலிலிருந்து அவரை மட்டும் கிராப் வாடகைக் காரில் கூட்டிப்போங்கள்.

வருடக் கடைசி விடுமுறைக் கூட்டம் இருக்கும். சனி ஞாயிறைத் தவிர்த்து வாரநாள் காலையில் போங்கள். சந்தைக் கடைகள் பத்து மணிக்கு மேல்தான் சுறுசுறுப்பாகும் என்பதால், முதலில் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் இருக்கும் மகா மாரியம்மன் கோயிலில் தரிசனத்தை முடித்துக்கொள்ளலாம். 1873-இல் தோன்றிய கோயில், சந்தையிலிருந்து நடக்கும் தூரம்தான். பிற்பகலில் மழை அடிக்கடி பிடித்துக்கொள்ளும், அதற்குள் வாங்கும் வேலையை முடித்துவிடுங்கள். பிள்ளைகள் தாங்களே மெழுகு பிடித்துப் பார்க்க ஆசைப்பட்டால் இன்னொரு நாள் ஜாலான் கோன்லேயில் உள்ள கிராஃப் கைவினை வளாகத்துக்குக் கூட்டிப்போங்கள். எம்.ஆர்.டி. கோன்லே நிலையம் அருகில்தான். அங்கே பாத்தேக் தீட்டிப் பார்க்க வசதி உண்டு.

விமானப் பெட்டி கட்டும்போது இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். கிரிஸ் கத்தி, அலங்காரத்துக்கானதே ஆனாலும், கைப்பையில் வைக்கக்கூடாது. ஏற்றி அனுப்பும் பெட்டியில் துணிக்குள் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் குத்தி வைத்த வண்ணத்துப்பூச்சிகளை வாங்கவே வேண்டாம். கறுப்புச் சிறகில் பச்சைப் பட்டை உள்ள ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சி, நாடு கடந்த வணிகத்துக்கு அனுமதிச் சான்று தேவைப்படும் உயிரினங்களின் சைட்டீஸ் (CITES) பட்டியலில் இருப்பது. அந்தச் சான்று இல்லாமல் போனால் கோவை விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் நாத்தனார்தான்.