போராட்டம் பண்ணியவர் ஓட்டுக் கேட்டு வந்தால் தப்பா?

"கல்லூரியில் போராட்டம், பிறகு சமூக சேவை, இப்போது தேர்தல். எல்லாம் பதவிக்குத்தானா என்று ஊர் பேசாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பேசும். என்னையும் பேசினார்கள். நீங்களும் அடுத்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து அலைகிறவர் என்று நினைக்கிறேன், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது நான் கடலூரில் கல்லூரி மாணவி. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்த ஊர்களுக்கு அரிசி மூட்டையோடு போனோம். 2013-இல் ஈழத் தமிழருக்காக மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தபோது நாங்களும் ரோட்டில் உட்கார்ந்தோம். படிப்பு முடிந்து ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை.

2015 வெள்ளத்தில், குறிஞ்சிப்பாடி பக்கம் எங்கள் ஊர்க் காலனிக்குள் இடுப்பளவு தண்ணீர். காரணம், சிறுபாலத்துக் குழாய் மண்ணடித்து அடைத்திருந்தது. அதற்காகத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டங்களில் மனு கொடுத்தபடியே இருந்தேன். கடைசியில் பதில் வந்தது: ஊராட்சியில் தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டுமாம். யார் போடுவது? 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர் மட்டும்தான். அந்தக் கடிதம்தான் என்னைத் தேர்தலில் நிற்க வைத்தது.

2019 டிசம்பர் தேர்தலில் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்றேன். "ஏம்மா, எங்களுக்கு மனு எழுதினதெல்லாம் இதுக்குத்தானா?" என்று ஒரு பெரியம்மா வாசலில் நிற்க வைத்தே கேட்டார். "ஆமா பெரியம்மா, அந்த மனுவுல கையெழுத்துப் போடுற இடத்துக்குத்தான் போறேன்" என்றேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

கட்சியில் சேராமல் முடியுமா என்பார்கள். ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. தலைவர் பதவிக்கு டெபாசிட் 600 ரூபாய், பட்டியலினத்தவருக்கு அதில் பாதி. கஷ்டமெல்லாம் ஜெயித்த பிறகுதான். செக்கில் துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் துணைத் தலைவர் எதிரணி. அவர் வீட்டுத் திண்ணையில் செக் புத்தகத்தோடு எத்தனையோ மாலை காத்திருந்திருக்கிறேன். ஆனாலும் சிறுபாலம் கட்டி முடித்தோம்.

பக்கத்தில் புதுச்சேரியைப் பாருங்கள். 1968-க்குப் பிறகு 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-இல் அதில் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் முடிந்தது, அதோடு சரி. என்னோடு ரோட்டில் உட்கார்ந்த பாகூர்த் தோழி என்னைவிடத் திறமைசாலி. அவள் நிற்பதற்கு ஒரு வார்டு இல்லை. எங்களுக்கும் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் திரும்பத் தனி அலுவலரைத்தான் போட்டார்கள். சேவை செய்தவர் பதவிக்கு வரலாமா என்று கேட்பவர்கள், தேர்தலை ஏன் தள்ளிப்போடுகிறீர்கள் என்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறார்களா?