எடுத்து வைத்த கத்தரி விதை மாறிக் காய்க்கிறது, மரபணு மாற்றமா?

இது மரபணு மாற்று விதையின் அறிகுறி இல்லை. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊரில் வாங்கிய பாக்கெட் விதையில் வந்த பழத்திலிருந்து விதை எடுத்துப் போட்டு, இப்போது ஒரு செடி பச்சை, ஒரு செடி ஊதா என்று காய்க்கிறதென்றால், வாங்கியது பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம், அதாவது இரண்டு ரகங்களை இணைத்து உருவாக்கியது. அதன் அடுத்த தலைமுறை இப்படித்தான் கலைந்து போகும்.

பழைய பாக்கெட் கிடந்தால் பாருங்கள், 'எஃப்1' அல்லது 'ஹைப்ரிட்' என்று இருக்கும். இல்லாவிட்டால், பக்கத்துக் கொல்லை மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்திருக்கும்.

மரபணு மாற்றிய பி.டி. கத்தரி, காய்த்துளைப்பான் புழுவைத் தாங்குவதற்காக உருவாக்கியது, நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்தியாவில் அதைப் பயிரிடுவதை 2010 பிப்ரவரியிலேயே நிறுத்தி வைத்துவிட்டார்கள். 2019-ல் ஹரியானாவில் திருட்டுத்தனமாகப் பயிரிட்டது பிடிபட்டது உண்மைதான். ஆனால் கண்ணால் பார்த்து யாரும் சொல்ல முடியாது, ஆய்வகச் சோதனைதான்.

வருடா வருடம் சொந்த விதைதான் வேண்டுமென்றால் இலவம்பாடி முள் கத்தரிக்குப் போங்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ரகம், உங்கள் தாலுகாவிலேயே இருக்கிறது.

1. நல்ல செடியில் பூ விரியும் முன்பே மொட்டை மெல்லிய துணிப்பையால் மூடுங்கள்.
2. பிஞ்சு பிடித்ததும் பையை அவிழ்த்து, காம்பில் நூல் கட்டி வையுங்கள். இல்லையென்றால் யாராவது குழம்புக்குப் பறித்துவிடுவார்கள்!
3. மஞ்சளாகப் பழுத்த பிறகே விதை எடுங்கள்.

அப்புறம், நாட்டு ரகத்துக்குப் புழு வராது என்பதை நம்பாதீர்கள். வாடித் தொங்கும் குருத்தைப் புழுவோடு கிள்ளி எரியுங்கள். லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பு இடித்து ஊறவைத்த கரைசலை முன்கூட்டியே தெளியுங்கள். புழு காய்க்குள் போய்விட்டால் அது எட்டாது.