ரோட்டுக்கு ஓட்டு

அன்புள்ள ஐயா,

டெவில்ஸ் ஸ்லைடு நடைபாதை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே பசிஃபிகா ஊரை ஒட்டிய அந்தக் கடலோர இடத்துக்குப் போன ஞாயிறு அம்மாவையும் அப்பாவையும் கூட்டிப்போனேன். ஒரே மூடுபனி. கடலும் தெரியவில்லை, நீங்கள் எழுதிய பறவைப் பாறையும் தெரியவில்லை. பழைய தார் ரோடு, ஒரு பக்கம் மலை வெட்டு, அவ்வளவுதான். "ரோட்டுல நடக்கவா இவ்வளவு தூரம் கூட்டியாந்தே?" என்றார் அம்மா. மூட்டுவலிக்காரர். பெற்றோரோடு போக இதைவிட நல்ல இடம் ஏதாவது சொல்லுங்களேன்.

ஆர்., ஃப்ரீமான்ட்

அன்புள்ள ஆர்.,

மூடுபனிக்கு நான் பொறுப்பில்லை. கோடையில் பசிஃபிகா பக்கம் போனால் அப்படித்தான். பறவைக்கு ஏப்ரல், மே. கடலுக்கு செப்டம்பர், அக்டோபர். இரண்டும் ஒரே நாளில் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

அம்மா கேட்டதில் தப்பே இல்லை. கூட்டிப்போன நீங்கள்தான் அது என்ன ரோடு என்று அவருக்குச் சொல்லவில்லை. உங்களுக்கே தெரியாது என்று சந்தேகப்படுகிறேன்.

அது 1937-ல் திறந்த ஹைவே ஒன், கலிஃபோர்னியாவின் கடலோர நெடுஞ்சாலை. அதற்கு முன் அதே கரையில் ரயில் விட முயன்றார்கள். 1906 பூகம்பம் தண்டவாளத்தில் ஒரு பகுதியைக் கடலில் தள்ளியது, 1920-ல் ரயிலே நின்றுபோனது. ரோடும் அதே கதைதான். மழை வலுத்தால் மலை சரியும். 1995-ல் ஐந்து மாதத்துக்கு மேல் மூடிக் கிடந்தது, 2006-ல் நான்கு மாதம். தெற்கே அடுத்த ஊரான மொன்டாராவில் வீடு வைத்திருந்தவர்கள் சுற்றி அலைந்தார்கள், அதற்கும் தெற்கே ஹாஃப் மூன் பே கடைக்காரர்கள் ஈ ஓட்டினார்கள்.

மாநில நெடுஞ்சாலைத் துறையான கால்டிரான்ஸ் என்ன சொன்னது? மொன்டாரா மலையை வெட்டி மேலே ஒரு மாற்றுச்சாலை போடுவோம் என்றது. ஊர்க்காரர்களில் ஒரு பகுதியினர் வேண்டாம் என்றார்கள். எழுபதுகளிலேயே வழக்கு. எல்லோரும் ஒரே அணி என்று நினைத்துவிடாதீர்கள். சீக்கிரம் ஏதாவது ஒரு ரோடு வந்தால் போதும் என்று மாற்றுச்சாலையை ஆதரித்தவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான். மலையை வெட்டாமல் குடைந்து போகலாமே என்ற யோசனை வந்தது. அதெல்லாம் கட்டுப்படியாகாது என்ற பேச்சும் கூடவே வந்தது. 1996-ல் ஒரு தனி ஆய்வு, சுரங்கப்பாதை சாத்தியம்தான் என்றது. அந்த நவம்பரில் சான் மட்டேயோ மாவட்ட வாக்குச்சீட்டில் 'மெஷர் டி' (Measure T) என்று அதுவே கேள்வியாக வந்தது. 74 சதவீதம் பேர் சுரங்கப்பாதைக்கு வாக்களித்தார்கள்.

சுரங்கப்பாதை இன்னும் காகிதத்தில் இருந்த காலத்தில் என் அப்பா இங்கே வந்திருந்தார். ஊரில் நெடுஞ்சாலைத் துறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வழியாகப் போகும்போது காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, தாரைக் காலால் தட்டிப் பார்த்தார். "ஒட்டுப் போட்டே ரோட்டை உசத்திருக்கானுங்க" என்றார். நான் இந்த வாக்கெடுப்புக் கதையைச் சொன்னேன். அப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "ரோடு எங்க போகணும்னு ஜனங்க ஓட்டுப் போட்டாங்களா? அப்புறம் இன்ஜினியர் எதுக்கு?"

ஊருக்குக் கிளம்பும்வரை அந்தச் சண்டை ஓயவில்லை. மண்ணைச் சோதித்தவனுக்குத்தான் தெரியும், ஓட்டுப் போட்டவனுக்கு என்ன தெரியும் என்பது அவர் கட்சி. எப்படிக் குடைவது என்பதை இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும், குடைவதா வெட்டுவதா என்பதை அங்கே வாழ்பவன் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. இப்போது அவர் இல்லை. உங்கள் கடிதம் வந்ததும் அவரோடு பாதியில் விட்ட வாதத்தைத் தனியாகத் தொடர்ந்துகொண்டிருக்கிறேன்.

2013-ல் சுரங்கப்பாதை திறந்தது, ஒவ்வொன்றும் 1.2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலாக இரண்டு குழாய்கள். அடுத்த ஆண்டு பழைய ரோட்டின் இரண்டு கிலோமீட்டர் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் வந்து சேர்ந்தது. நீங்கள் 'அவ்வளவுதான்' என்று எழுதிய தார் ரோடு அதுதான். அதற்காக எத்தனை பேர் எத்தனை இரவு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டு கூட்டம் கேட்டிருப்பார்கள்!

நம் ஆட்களைச் சொல்ல வேண்டும். தெருவில் மரத்தை வெட்டினால் வாட்ஸ்அப் குழுவில் இருநூறு செய்தி. நகர மன்றக் கூட்டத்துக்கு ஒருவர் போவதில்லை. கேட்டால் 'விசாவில் இருக்கிறேன் சார்'. கூட்டத்தில் பேசக் குடியுரிமை கேட்கிறார்களா? பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்பது கலிஃபோர்னியாவின் பிரவுன் சட்டம். கூட்டத்துக்கு வர உங்கள் பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தக்கூட முடியாது. இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும். வீடு விலை ஏறுமா என்று மூன்று மணி நேரம் பேசத் தெரிந்தவர்களுக்கு அந்த இரண்டு நிமிடம் பேச வரவில்லை என்பதை நான் நம்பத் தயாராக இல்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். வயதான அம்மாவைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகத் தோன்றிய பிள்ளை நீங்கள், அதனால்தான் உரிமையோடு திட்டுகிறேன். மூட்டுவலிக்காரருக்குத் தார் ரோடுதான் நல்லது. ஏற்றம் உண்டு, முழுதும் நடக்க வேண்டாம். வண்டி நிறுத்துமிடம் சிறியது, வார நாளில் போங்கள்.

வேறு நல்ல இடம் கேட்டீர்கள். சொல்ல மாட்டேன். அதே இடத்துக்கு இன்னொரு தடவை போய், அந்த வாக்கெடுப்பை அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். அவரும் இன்ஜினியர் எதுக்கு என்று சண்டைக்கு வந்தால் அவசியம் எழுதுங்கள். எனக்கு ஆள் வேண்டும்.