பனியாறு அந்த ஊரில் இல்லை: பெரிட்டோ மொரேனோவுக்குச் செல்ல நினைக்கும் வாசகருக்கு

கேள்வி: மார்ச் மாதத்தில் நானும் கணவரும் என் மாமியாருடன் அர்ஜென்டினா செல்கிறோம். நாட்டின் தென்பகுதியான பட்டகோனியாவில் உள்ள பெரிட்டோ மொரேனோ என்ற சிற்றூரில் தங்கி, புகழ்பெற்ற பனியாற்றையும் ‘கைகளின் குகை’யையும் பார்க்க விரும்புகிறோம். பட்டகோனியாவுக்கு ஒரு வாரம்தான் ஒதுக்க முடியும். வாடகைக் காரை நாங்களே ஓட்டிச் செல்லலாமா? மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. மூவரும் சைவ உணவுக்காரர்கள்.

பதில்: விடுதிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டது மிகவும் நல்லதாயிற்று. நீங்கள் பார்க்க விரும்பும் பனியாறு, பெரிட்டோ மொரேனோ என்ற ஊரில் இல்லை. பட்டகோனியாவை ஆராய்ந்தவரும், சிலியுடனான எல்லைத் தகராறில் அர்ஜென்டினாவின் சார்பில் நிபுணராக (ஸ்பானிஷில் ‘பெரிட்டோ’) செயல்பட்டவருமான பிரான்சிஸ்கோ மொரேனோவின் (1852–1919) நினைவாக, ஒரே சாந்தா குரூஸ் மாகாணத்துக்குள் மூன்று இடங்களுக்கு இந்தப் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். பனியாறு, எல் கலஃபாத்தே என்ற ஊருக்கு அருகில், லோஸ் கிளேசியாரெஸ் தேசியப் பூங்காவில் உள்ளது. நீங்கள் குறிப்பிடும் சிற்றூர் அங்கிருந்து சாலை வழியே 600 கிலோமீட்டருக்கும் அப்பால், வடக்கே இருக்கிறது. பெரிட்டோ மொரேனோ தேசியப் பூங்கா இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது இடம். ஊரிலிருந்து அதற்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். ஆகவே விடுதியைப் பதிவு செய்யும்போது பெயரை மட்டும் நம்பாமல், வரைபடத்தில் அது புவெனஸ் அய்ரெஸ் ஏரிக்குக் கிழக்கே, 40ஆம் எண் நெடுஞ்சாலையின் மேல் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒரு வாரத்தில் பனியாறு, குகை இரண்டையும் பார்க்க முயல வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வரைபடத்தில் 600 கிலோமீட்டர் ஒரு நாள் ஓட்டமாகத் தோன்றும். ஆனால், அந்த வழியில் கோபெர்னடோர் கிரெகோரெஸ் ஊருக்கும் ட்ரெஸ் லாகோஸ் ஊருக்கும் இடையே ‘சபிக்கப்பட்ட 73 கிலோமீட்டர்’ என்று ஓட்டுநர்கள் பெயரிட்டிருக்கும் சரளைப் பகுதி இருக்கிறது. மழை பெய்தால் அது சேறாகிவிடும். மூத்தவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு அதைக் கடக்கத் தேவையில்லை. வாடகைக் காரை ஓர் ஊரில் எடுத்து வேறோர் ஊரில் விடுவதற்கான கட்டணமும் மிக அதிகம். பனியாறுதான் முதன்மை என்றால் தலைநகர் புவெனஸ் அய்ரெஸிலிருந்து எல் கலஃபாத்தேக்கு விமானத்தில் சென்று வாருங்கள். குகைதான் ஈர்க்கிறது என்றால் முழு வாரத்தையும் இந்தச் சிற்றூருக்கே கொடுங்கள். நான் குகையைத்தான் தேர்ந்தெடுப்பேன். பனியாற்றைக் காணப் பேருந்து பேருந்தாகச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். மரங்களற்ற ஸ்டெப்பி வெளியின் விரிவையும் தனிமையையும் அங்கிருந்து உணர முடியாது.

ஊருக்கு வசதியான விமான நிலையம் கொமொடோரோ ரிவடாவியா. சர்வதேச விமானங்கள் பெரும்பாலும் புவெனஸ் அய்ரெஸின் எசெய்சா நிலையத்தில் இறங்கும். உள்நாட்டு விமானங்களில் பல நகரின் மறுபுறத்தில் உள்ள ஏரோபார்க்கே நிலையத்திலிருந்து புறப்படும். இரண்டுக்கும் இடையே மாறிச் செல்வதற்கு நான்கைந்து மணி நேரமாவது விட்டுவையுங்கள். கொமொடோரோவிலிருந்து ஊர் சுமார் 400 கிலோமீட்டர். முதலில் அட்லாண்டிக் கரையோரமாகக் கலேட்டா ஒலிவியா வரை சென்று, பிறகு மேற்கே திரும்பி, பிகோ ட்ருன்காடோவில் 43ஆம் எண் சாலையைப் பிடிக்க வேண்டும். வழி முழுவதும் தார்ச்சாலை. 1907இல் கொமொடோரோவில் எண்ணெய் கண்டெடுக்கப்பட்டதிலிருந்து இந்தப் பகுதியின் வாழ்வே எண்ணெயைச் சார்ந்திருக்கிறது. பிகோ ட்ருன்காடோ, லாஸ் எராஸ் ஊர்களைச் சுற்றி எண்ணெய் இறைக்கும் எந்திரங்கள் ஓய்வின்றித் தலையாட்டிக்கொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள். லாஸ் எராஸைத் தாண்டினால் 150 கிலோமீட்டருக்கும் மேல் ஊர் எதுவும் கிடையாது. அங்கேயே எரிபொருளை நிரப்பிக்கொள்ளுங்கள். பெட்ரோலை அங்கே ‘நாஃப்தா’ என்றும் டீசலை ‘கசோயில்’ என்றும் சொல்வார்கள்.

காரை நீங்களே ஓட்டலாம். ஆனால் அந்த நிலத்தில் ஓட்டுநருக்கு முதல் சோதனை சாலை அன்று, காற்று. பசிபிக்கிலிருந்து வரும் மேலைக்காற்று தன் ஈரத்தை ஆண்டீஸ் மலையின் சிலிப் பக்கத்திலேயே மழையாகக் கொட்டிவிட்டு, கிழக்குச் சரிவில் உலர்ந்து இறங்குகிறது. தடுப்பதற்கு மரங்களோ குன்றுகளோ இல்லாத வெளியில் அதன் வேகம் குறைவதே இல்லை. ஆண்டு மழை ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் அளவிலேயே நின்றுவிடுவதற்கும், நிலமெங்கும் புதரும் காய்ந்த புல்லுமாக இருப்பதற்கும் இதுவே காரணம். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை காற்று உச்சத்தில் இருக்கும். மார்ச்சில் ஓரளவு தணியும் என்பதால் நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் நல்லது. இரவில் வெப்பம் உறைநிலைக்கு அருகே இறங்கக்கூடும். காரை நிறுத்தும்போது அதன் முகம் காற்று வரும் திசையைப் பார்த்திருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு கதவை மட்டும், இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு திறவுங்கள். பின்னாலிருந்து காற்று அடித்தால் கதவு கீலோடு மடங்கிவிடும். இந்தச் சேதத்தை வாடகைக் காப்பீடு பெரும்பாலும் ஏற்பதில்லை. கார் கவிழ்ந்தால் நீங்கள் செலுத்த வேண்டிய தொகையும் சாதாரண விபத்தைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கும். ஒப்பந்தத்தில் இவ்விரு வரிகளையும் தேடிப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்லும் நாடு அது. பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம். சரளைச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள். திடீரென்று பிரேக் பிடிக்காதீர்கள். எதிரே லாரி வந்தால் வேகத்தை நன்றாகக் குறைத்து ஓரமாகச் செல்லுங்கள், இல்லையேல் தெறிக்கும் கல் கண்ணாடியை உடைத்துவிடும். ஒட்டக இனத்தைச் சேர்ந்த குவானாக்கோக்கள் வேலிகளைத் தாண்டிச் சாலைக்குள் பாயும். ஒன்று கடந்துவிட்டால் பின்னால் இன்னும் சில வரும் என்று எண்ணிக் காத்திருங்கள். சூரியன் சாய்ந்த பிறகு ஓட்டவே வேண்டாம்.

இனி, குகை. ஊரிலிருந்து தெற்கே சுமார் 160 கிலோமீட்டரில், பிந்துராஸ் ஆறு அறுத்து உண்டாக்கிய ஆழமான பள்ளத்தாக்கின் சுவரில் குவேவா டி லாஸ் மானோஸ், அதாவது ‘கைகளின் குகை’ இருக்கிறது. யுனெஸ்கோ 1999இல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. குவானாக்கோவை வேட்டையாடி வாழ்ந்த மக்கள், 9,000 ஆண்டுகளுக்கும் முன்பு தொடங்கி, பல ஆயிரம் ஆண்டுகள் தலைமுறை தலைமுறையாக இங்கே வந்து தீட்டியிருக்கிறார்கள். பாறையில் கையைப் பதித்து, எலும்புக் குழாய் வழியே வண்ணத்தை ஊதியபோது, கை இருந்த இடம் வெறுமையாக நின்றுவிட்டது. பெரும்பாலானவை இடக் கைகள். வலக் கையால் குழாயைப் பிடித்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இரும்பு ஆக்சைடு சிவப்பையும், மாங்கனீசு கருமையையும், வெண்களிமண் வெள்ளையையும் தந்தன. ஆறு விரல் கொண்ட ஒரு கையும், சோய்கே என்ற தீக்கோழி போன்ற பறவையின் கால் தடமும், வேட்டைக் காட்சிகளும் அங்கே உண்டு. ஓவியங்களில் மிகுதியானவை குகைக்குள் இல்லை. வெளிச்சம் படும் வெளிப்பாறைச் சுவரில்தான் இருக்கின்றன. ஆகவே இருட்டில் குனிந்து நுழைய வேண்டியிருக்குமோ என்ற அச்சம் உங்கள் மாமியாருக்கு வேண்டாம்.

அவருடைய முழங்காலை முன்னிட்டு வழியைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். வடக்கிலிருந்து பள்ளத்தாக்கில் கீழே இறங்கி, மறுபுறம் ஏறிச் செல்லும் நடைபாதை அழகானது. ஆனால் செங்குத்தானது, அவருக்கு ஏற்றதன்று. 40ஆம் எண் சாலையில் தெற்கே 128 கிலோமீட்டரில் உள்ள பாஹோ கராகோலெஸ் என்ற சிறு குடியிருப்பு வரை சென்று, அங்கிருந்து சுமார் 45 கிலோமீட்டர் சரளைச் சாலையில் போனால் பார்வையாளர் மையத்தின் வாசலிலேயே இறங்கலாம். அதற்குப் பின் படிகளுடன் கூடிய நடைமேடையில் வழிகாட்டியோடு சற்றுத் தூரம் நடக்க வேண்டும். வழிகாட்டி இல்லாமல் யாரையும் அனுமதிப்பதில்லை. கைத்தடி கொண்டுசெல்லட்டும். பாஹோ கராகோலெஸில் எரிபொருள் சில நாள் தீர்ந்திருக்கும் என்பதால், ஊரிலேயே தொட்டியை நிறைத்துக்கொண்டு புறப்படுங்கள். முந்தைய நாள் மாலையே பார்வை நேரத்தையும் சாலையின் நிலையையும் ஊரிலுள்ள சுற்றுலா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊரில் நான்கு இரவுகளாவது தங்குங்கள். பலத்த காற்றோ மழையோ ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும் குகைக்கு இன்னொரு நாள் மிஞ்சும். ஊருக்குள்ளேயே அன்னங்களின் குளம் இருக்கிறது. கருங்கழுத்து அன்னங்களையும் பூநாரைகளையும் அங்கே காணலாம். ஒரு நாளை மேற்கே 60 கிலோமீட்டரில் ஏரிக்கரையில் உள்ள லோஸ் ஆன்டிகுவோஸுக்கு ஒதுக்குங்கள். 1991 ஆகஸ்டில் சிலியின் ஹட்சன் எரிமலை வெடித்தபோது இவ்விரு ஊர்களையும் சாம்பல் மூடியது. அதிலிருந்து மீண்டு இன்று செர்ரித் தோட்டங்களால் பெயர்பெற்றிருக்கிறது லோஸ் ஆன்டிகுவோஸ். அங்கிருந்து சிலிக்குள் காரைக் கொண்டுசெல்ல வாடகை நிறுவனத்தின் தனி அனுமதிக் கடிதமும், உங்களுக்குச் சிலி விசாவும், திரும்பி வர ஏற்ற அர்ஜென்டினா விசாவும் வேண்டும். ஒரு வாரப் பயணத்தில் அந்த அலைச்சல் வேண்டாம்.

உணவைப் பொறுத்தவரை, அது ஆட்டிறைச்சி நாடு. பாலாடைக்கட்டி எம்பனாடா (சோமாசி போன்றது), கீரை டார்ட்டா (கீரை அடைத்துச் சுட்டது), பீட்சா, பாஸ்தா ஆகியவை கிடைக்கும். “சின் கார்னே” (இறைச்சி வேண்டாம்) என்று மட்டும் சொன்னால் பன்றி இறைச்சித் துண்டுகள் வந்துவிடலாம்; “சின் ஹமோன், சின் போயோ” (பன்றித்தொடை இறைச்சியும் கோழியும் வேண்டாம்) என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். கடைகள் நண்பகலுக்குப் பின் மாலை வரை மூடியிருக்கும். உணவகங்களில் இரவு உணவு 9 மணியை ஒட்டித்தான் தொடங்கும். அவ்வளவு நேரம் காத்திருப்பது முதியவருக்குக் கடினம் என்பதால் சமையலறை உள்ள குடில் ஒன்றை எடுப்பதே மேல். ஆலையில் அடைத்த சாதப்பொடி, உடனடி உப்புமா போன்றவற்றைக் கொண்டுசென்று, நுழையும்போது மறைக்காமல் அறிவித்துவிடுங்கள். பழம், கறிவேப்பிலை, விதைகள் எதையும் எடுத்துச்செல்ல வேண்டாம். பட்டகோனியாவுக்குள் பழ ஈ நுழையாதிருக்கத் தனிச் சோதனைச் சாவடிகளே வைத்திருக்கிறார்கள்.

பணத்தைப் பெசோவாகக் கொமொடோரோவிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் வெகுதூரம் கைபேசி அலைவரிசை இருக்காது. வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கி, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீரையும் கம்பளியையும் காரில் வையுங்கள். ஊரில் மருத்துவமனை இருக்கிறது; ஆயினும் பெரிய சிகிச்சைக்குக் கொமொடோரோ வரை வர வேண்டியிருக்கும் என்பதால், ஆம்புலன்ஸில் இடம் மாற்றும் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீட்டை மாமியாருக்கு எடுங்கள். மார்ச் 24 அர்ஜென்டினாவில் பொது விடுமுறை. அதையொட்டிய நாட்களில் அறைகள் விரைவில் நிறைந்துவிடும் என்பதால் மாதத்தின் முதல் பாதியைத் தேர்ந்தெடுங்கள். முதலில் விசா, அடுத்து கொமொடோரோ விமானம், பிறகு கார், கடைசியாகக் குடில் என்ற வரிசையில் பதிவு செய்யுங்கள். உங்கள் சர்வதேச ஓட்டுநர் உரிமத்துடன் சொந்த ஊரில் பெற்ற அசல் உரிமத்தையும் எடுத்துச்செல்ல மறவாதீர்கள்.