முற்றத்துக் குச்சியின் நிழல்

அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிரபஞ்சம் விரிவடைகிறது என்பதைக் குர்ஆனின் 51:47ஆம் வசனம் அன்றே சொல்லிவிட்டது என்று விடுதியில் சொன்னேன். அறை நண்பன் சிரித்துவிட்டான். அவனிடம் காட்டுவதற்கு, நவீன வானியலோடு ஒத்துப்போகும் வசனங்களைப் பட்டியலிட்டுத் தருவீர்களா? 36:38ஐச் சூரியனின் ஓட்டத்துக்குச் சான்றாகக் காட்டலாமா?

ஒரு வாசகர்

வஅலைக்குமுஸ்ஸலாம், தம்பி.

சில வாரங்களாக என் மேசையில் இதே வசனம்தான் திறந்து கிடக்கிறது. அதனால்தான் உடனே எழுதுகிறேன். பட்டியல் தர மாட்டேன். சூரியனின் ஓட்டத்தையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அண்ணாந்து பார்ப்பவர் எவருக்கும் தெரிகிற வானத்தைப் பற்றிய பேச்சு அது.

51:47இன் கடைசிச் சொல்லை மட்டும் பார்ப்போம். வானத்தை வலிமையால் கட்டினோம் என்று சொல்லிவிட்டு, நாம் ‘மூசிஊன்’ என்று முடிகிறது வசனம். இதன் ஒருமையான ‘மூசிஃ’ 2:236இல் வருகிறது. மணவிலக்குப் பெற்ற பெண்ணுக்கு, மூசிஃ தன் சக்திக்கேற்பவும் இல்லாதவன் தன் சக்திக்கேற்பவும் கொடுக்க வேண்டும் என்கிற இடம் அது. அங்கே அதன் பொருள் வசதியுள்ளவன் என்பதுதான். குர்ஆனுக்கு விரிவுரை எழுதிய தபரி 51:47க்கும் ஆற்றல் உடையவர்கள் என்ற பொருளையே கொண்டார். இன்னொரு விரிவுரையாளர் இப்னு கதீர் வானத்தின் பரப்பை அகலமாக்கியதைச் சொன்னார். விரிவு என்ற பொருள் அந்த வேர்ச்சொல்லில் இல்லை என்று நான் வாதிடவில்லை, இருக்கிறது. ஆனால் பிரபஞ்சத்தின் விரிவைப் பற்றி வானியலாளர்கள் லெமைத்ர் 1927இலும் ஹபிள் 1929இலும் எழுதியதற்குப் பிறகுதானே விண்மீன் மண்டலங்கள் விலகிச் செல்வதை நாம் இந்தச் சொல்லில் படிக்கத் தொடங்கினோம்? விடை வெளியான பிறகு வினாத்தாளைத் திருத்துவதை இயற்பியல் மாணவரான நீங்களே ஏற்க மாட்டீர்கள். வேதத்துக்குப் பெருமை சேர்ப்பதாக எண்ணிக்கொண்டு, அதை ஆய்வுக்கூடத்தின் வாசலில் சான்றிதழுக்காக நிறுத்தி வைக்கிறீர்கள். இது எனக்கு வலிக்கிறது.

நபியவர்களின் மகன் இப்ராஹீம் குழந்தைப் பருவத்திலேயே இறந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்தச் சாவுக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். வானமே சாட்சி சொல்ல வந்ததுபோல் ஒரு வாய்ப்பு. கேட்டவர்கள் அத்தனை பேரும் நம்பியிருப்பார்கள். மகனை இழந்து நின்ற அந்தத் தந்தை அதை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், யாருடைய இறப்புக்காகவும் வாழ்வுக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று அறிவித்துவிட்டுத் தொழுகைக்கு நின்றார். அவர் வேண்டாமென்று தள்ளிய வகைச் சான்றைத்தான் நீங்கள் விடுதி அறையில் தேடுகிறீர்கள்.

சிறு வயதில் எங்கள் வீட்டு முற்றத்தில் நன்னா (தாத்தா) ஒரு குச்சி நட்டு வைத்திருந்தார். உச்சி வெயிலில் எஞ்சும் சிறு நிழலின் நுனியைக் கரியால் குறித்துவிடுவார். பிற்பகலில் நிழல், அந்த எச்சத்தோடு குச்சியின் நீளமும் சேர்ந்த அளவை எட்டியதும் அஸர் என்னும் பிற்பகல் தொழுகையின் நேரம் நுழைந்துவிட்டது என்பார். நாங்கள் பின்பற்றும் ஷாஃபி சட்டப்பள்ளியின் வழக்கம் அது. இன்னொரு சட்டப்பள்ளியினரான ஹனஃபிகளுக்கு இருமடங்கு நிழல் வேண்டும். அவர் ஈர்க்கை ஒடித்து அளந்துகொண்டிருக்கும்போதே பலநாள் மோதினாரின் பாங்கு கேட்டிருக்கிறது. நன்னா பள்ளிக்கூடம் போனவரல்லர். ஆனால் நிழல் ஏன் மார்கழியில் நீள்கிறது, சித்திரையில் ஏன் ஒடுங்குகிறது என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

தம்பி, வேதத்துக்கும் வானியலுக்கும் உள்ள உறவு அந்தக் குச்சியில் இருக்கிறது. பிறைகள் மக்களுக்கும் ஹஜ்ஜுக்கும் காலம் காட்டுபவை என்கிறது 2:189. தொழுகைக்கு நேரம், நோன்புக்குப் பிறை, மக்காவை நோக்கும் கிப்லாவுக்குத் திசை என்று வணக்கமே மனிதர்களை அளக்க வைத்தது. திமிஷ்கின் (டமாஸ்கஸ்) உமையா பள்ளிவாசலில் நேரம் கணிப்பதையே பணியாகக் கொண்டிருந்தார் வானியலாளர் இப்னு ஷாத்திர். அங்கே 1371இல் பெரிய நிழற்கடிகாரம் ஒன்றை அமைத்ததும் அவர்தான். பண்டைய கிரேக்க வானியலாளர் டாலமியின் கணக்குப்படி அரைநிலவு நாள்களில் நிலவு ஏறக்குறையப் பாதித் தொலைவுக்கு நெருங்கி வர வேண்டும். அப்படியானால் அது இருமடங்கு அகலமாகத் தெரிய வேண்டும். கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை. அதனால் அவர் அந்தக் கணக்கை மாற்றி எழுதினார். 1543இல் வெளியான கோபர்நிக்கஸின் நூலில் உள்ள நிலவுக் கணக்கு அடிப்படையில் அவருடையதைப் போன்றதே. இப்னு ஷாத்திர் அந்தப் பிழையைத் திருத்தியது எந்த வசனத்தையும் காட்டி அல்ல, நிலவை அளந்துதான்.

உங்கள் நண்பனைச் சண்டைக்கு அழைக்காதீர்கள், மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். அரைநிலவு நாளில் கையை நீட்டி, நிலவு சுண்டுவிரல் நகத்தில் எவ்வளவு அகலம் பிடிக்கிறது என்று இருவரும் பார்த்துக் குறித்துவையுங்கள். ஒரு வாரம் கழித்து முழுநிலவையும் அதேபோல் அளந்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.