உலக இலக்கிய வகுப்புக்குத் தேவதைக் கதை சார்ந்த நாவல்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

14 வாரப் பருவத்துக்கு ஐந்து நாவல்கள் கேட்டிருக்கிறீர்கள். மூன்று போதும். ஒவ்வொரு நாவலுக்கும் முன்னால் மூலக்கதைக்கென்று, அதாவது அந்த நாவல் எந்தப் பழங்கதையிலிருந்து எழுந்ததோ அதற்கென்று, ஒரு வாரம் வேண்டும். ஐந்து வைத்தால் முதலில் அடிபடுவது அந்த வாரம்தான். அது இல்லையென்றால் மாணவர்கள் நாவலைச் சின்ன வயதில் பார்த்த கார்ட்டூன் படத்தோடு ஒப்பிட்டு எழுதுவார்கள்.

அதனால் நாவலைத் தேடுவதற்கு முன் கதையை முடிவு செய்யுங்கள். எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்து. ஜெர்மானியக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்பவள் பெற்ற தாய். 1819இல்தான் அவள் சிற்றன்னை ஆனாள். இன்று கிடைக்கும் மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலானவை 1857இன் ஏழாம் பதிப்பிலிருந்து வந்தவை. 1812, 1857 இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு ஹெலன் ஓயெயெமியின் 'பாய், ஸ்னோ, பேர்ட்' (2014), மூன்று வாரம். ஒரு பெண் எப்படிச் சிற்றன்னை ஆகிறாள் என்பதை 1950களின் அமெரிக்க நிறவெறிக்குள் வைத்துக் கேட்கும் நாவல் அது. ஆனால் கடைசிப் பகுதியில் ஒரு திருநர் பாத்திரத்தைக் கையாண்ட விதம் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. முடிவு வரை நீங்கள் படித்துவிட்டுப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அமோஸ் டுட்டுவோலாவின் 'தி பாம்-வைன் டிரிங்கார்ட்' (1952). நைஜீரியாவின் யொரூபா மக்களுடைய வாய்மொழிக் கதைகளிலிருந்து எழுந்தது. சிறிய நாவல், இரண்டு வாரம் போதும். வாடகைக்கு வாங்கிய உறுப்புகளை வழிநெடுகத் திருப்பிக் கொடுத்து, கடைசியில் வெறும் மண்டையோடாக மிஞ்சும் 'முழுமையான கனவான்' அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, அதன் ஆங்கிலத்தைப் பிழை என்று மாணவர்கள் திருத்தப் பார்ப்பது. முதல் வகுப்பிலேயே இரண்டு பக்கம் உரக்க வாசித்தால் கதைசொல்லியின் குரல் பிடிபட்டுவிடும்.

மூன்றாவது, குரோஷிய மொழியில் டுப்ராவ்கா உக்ரேஷிச் எழுதிய, ஸ்லாவிய நாட்டார் கதைகளின் சூனியக்கிழவி பாபா யாகாவைப் பற்றிய நாவல். முன்வாரத்தில் அஃபனாசியெவ் தொகுத்த ரஷ்யக் கதைகளிலிருந்து 'அழகி வசிலிசா'. நாவலுக்கு நான்கு வாரம் ஒதுக்குங்கள். மூன்றாம் பகுதி நாட்டார் வழக்காற்றியல் அகராதி மாதிரி இருப்பதால் பின்னிணைப்பு என்று நினைத்துத் தாண்டிவிடுவார்கள். அதுவும் நாவல்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தேவதைக் கதைகளைப் புதிதாக எழுதிய ஆஞ்சலா கார்ட்டர் எங்கே என்று யாராவது கேட்பார்கள். 'தி பிளடி சேம்பர்' (1979) அருமையான புத்தகம், மறுக்கவில்லை. அது சிறுகதைத் தொகுப்பு. கேள்வி நாவலைப் பற்றியது. அதிலிருந்து ஒரு கதையை மூலக்கதை வாரத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். 'உலகத் தேவதைக் கதைகள்' என்று வரும் தொகுப்புகள் பலவற்றில் மொழிபெயர்ப்பாளர் பெயரும் இருப்பதில்லை, எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தார்கள் என்ற குறிப்பும் இருப்பதில்லை. வகுப்பே பதிப்பு வேறுபாட்டை வைத்து நடக்கும்போது இது சின்ன விஷயம் இல்லை. உக்ரேஷிச்சின் ஆங்கிலப் பதிப்பில் பகுதிக்கு ஒருவராக மூன்று மொழிபெயர்ப்பாளர்கள். மூவரின் பெயரையும் பாடத்திட்டத்தில் நூல் பெயருக்குப் பக்கத்திலேயே போடுங்கள். ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது நடை மாறுவது ஏன் என்று மாணவர்கள் அப்போதுதான் கேட்பார்கள்.