இறந்துபோன உங்கள் அம்மாவைப் பற்றி ஊர் சொல்வதற்கும் நீங்கள் பார்த்ததற்கும் என்ன வித்தியாசம்?

அம்மா போன வருடம் ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கக் கிளம்பிய சபைப் பையன் கேட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தான். "அண்ணா, ஐயரம்மா பேரு இன்னா?" பத்து வருடமாக அவர் கையால் சாப்பிட்டவன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எதிர்வீட்டுக்காரருக்கும் தெரியாது.

அப்பா சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வேலூர் பேராயத்தில் ஆயராக, அதாவது சபைப் போதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வயதானவர்கள் ஆயரை இன்றைக்கும் 'ஐயர்' என்றுதான் சொல்வார்கள். மிஷன் காலத்துப் பழக்கம் என்பார் அப்பா. ஆக அம்மா ஐயரம்மா. புதிதாக வந்த சிலிண்டர்காரர் ஒருவர், "இன்னாம்மா, ஐயர் வூட்ல கருவாட்டு வாசனை அடிக்குது?" என்று கேட்டு அம்மாவைச் சிரிக்க வைத்தது தனிக்கதை.

அடக்க ஆராதனையில், பைபிளில் குணசாலியான மனைவியைப் புகழ்கிற நீதிமொழிகள் 31 வாசித்தார்கள். ஆயர் மனைவி இறந்தால் அதுதான் வாசிப்பார்கள். அப்புறம் ஐந்து பேர் பேசினார்கள். அதில் நான்கு பேர் சொன்னது: "எத்தனை பேர் வந்தாலும் முகம் சுளிக்காதவர்."

சுளிப்பார். நன்றாகவே சுளிப்பார். அவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் தெரியாது, அவ்வளவுதான். நான் அடுப்படியில் இருந்தேன்.

வேலூரில் ஆயர் வீடு என்றால் பாதி வீடு, பாதி சத்திரம். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிற சபைக் குடும்பங்கள் போளூர், ஆரணி, செய்யாறு, திருப்பத்தூர் என்று எங்கிருந்தோ முதல் பஸ் பிடித்து, ஒரு கையில் ரிப்போர்ட் பை, இன்னொரு கையில் ஒயர் கூடையோடு வந்து நிற்பார்கள். வடாற்காடு மாவட்டம் 1989-ல் இரண்டாகப் பிரிந்தது, 2019-ல் வேலூரும் மூன்றானது. எங்கள் கேட்டுக்கு அதெல்லாம் தெரியாது. தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் அம்மா அலுமினியக் குண்டானை 'டங்'கென்று வைப்பார். "மாசக் கடைசி. இன்னைக்குப் பார்த்துதான் எல்லாருக்கும் நோவு வரும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியைத் தாண்டினால் குரலே வேறு. "வாங்க, வாங்க. ரத்தம் எடுக்கணுமா? அப்போ காபி குடிக்காதீங்க, எடுத்துட்டு வந்து குடிக்கலாம்."

இதை நடிப்பு என்று சின்ன வயதில் நினைத்தேன். ப்ளஸ் டூ பரீட்சை நேரத்தில் என் கட்டில் பறிபோய், கோயிலில் ஆயர் உடை மாற்றும் வெஸ்ட்ரி அறையில் அப்பாவின் அங்கிகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தவன் வேறு எப்படி நினைப்பான்? இப்போது அப்படித் தோன்றவில்லை. எரிச்சலும் நிஜம், "வாங்க"வும் நிஜம். எரிச்சலை அவர் அடுப்படிக்குள்ளேயே தீர்த்துவிட்டு வந்தார்.

அரிசி போடுவதில் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. நாலு பேர் என்றால் ஆறு பேருக்கு. ஆறு என்றால் எட்டு. யாரும் வராவிட்டால் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் பழையது. அந்தப் பழையதை யார் சாப்பிட்டது என்று கேட்காதீர்கள்.

ஒரு முறை வங்காளத்து வயதான தம்பதி. காந்தி ரோடு லாட்ஜ்களில் பார்த்திருப்பீர்கள், பாதி போர்டு வங்காளியில்தான் இருக்கும். லாட்ஜ் காசு கட்டுப்படியாகாமல் எங்கள் வீட்டில் மூன்று வாரம் இருந்தார்கள். முதல் நாள் அந்த அம்மாள் சாப்பிட்டுவிட்டு "பாலோ, பாலோ" என்றார். அம்மா உள்ளே போய் ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து கொடுத்தார். அவர் குடித்துவிட்டு மறுபடியும் "பாலோ" என்றார். இரண்டாவது டம்ளர். மூன்றாவது டம்ளருக்கு முன்னால் நான் குறுக்கே விழுந்து, அவர்கள் பாஷையில் அதற்கு 'நல்லா இருக்கு' என்று அர்த்தம் என்றேன். அன்றிலிருந்து அம்மா எங்களுக்குச் சோறு போடும்போதும் "பாலோவா?" என்பார். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்த நாளில் பதிலே தேவைப்படாது.

சி.எம்.சி. கதையை வந்தவர்களுக்குச் சொல்வார். திண்டிவனத்தில் ஒரே ராத்திரி மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் கிடக்கும் மனைவிக்குப் பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்டது. ஆண் டாக்டரான ஐடா ஸ்கடரின் அப்பாவை வேண்டாம் என்றது. விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போனது. அதைப் பார்த்த ஐடா அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து வந்து 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு வேலூரில் ஆரம்பித்தது. எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அம்மா மட்டும் கடைசியில் ஒன்று கேட்பார். "அந்த மூணு பொம்பளைங்க பேரு யாருக்காவது தெரியுமா?"

போஸ்டர்காரப் பையன் திரும்பி வந்து நின்றபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

எல்லோரையும் மன்னித்தார் என்றும் ஒருவர் பேசினார். அதுவும் பொய். ஒரு ஊரில் மாற்றலாகிக் கிளம்பும்போது கமிட்டியார் வந்து வீட்டுப் பாத்திரங்களை எண்ணினார்கள். சபைக் கணக்கில் இருந்த ஒரு தூக்கு குறைந்தது. யாரோ ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனது, திரும்பவில்லை. அம்மா ஒரு வார்த்தை பேசாமல் கடைக்குப் போய்ப் புதுத் தூக்கு வாங்கிவந்து அவர்கள் முன்னால் வைத்தார். அதற்கப்புறம் எத்தனையோ வருடம். குடும்ப ஜெபத்தில் அப்பா அந்தச் சபையின் பேரைச் சொன்னால், "அதை நீங்களே பண்ணிக்குங்க" என்று எழுந்து போய்விடுவார்.

பொங்கலுக்கு முந்தின வாரம், விடியற்காலை ஐந்து மணிக்கு அப்பாவிடமிருந்து போன். நான் சென்னையில் இருக்கிறேன். அந்த நேரத்துப் போன் என்றால் வயிறு கலங்கும். ஆரணிப் பக்கத்திலிருந்து மூன்று பேர் வந்திருக்கிறார்களாம். விஷயம் தெரியாமல், "ஐயரம்மா இன்னும் எழுந்துக்கலையா?" என்று கேட்டார்களாம். அப்பா என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"அரிசி எவ்ளோடா போடணும்? என்னோட சேர்த்து நாலு பேரு."

"ஆறு பேருக்குப் போடுங்கப்பா" என்றேன்.